கறையான் தின்ற பதினாறு பக்கங்கள்

செய்தி வந்தபோது நான் உடுவிலில் என் வீட்டு விறாந்தையில் இருந்து கிற்றாரின் பழைய கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். கைத்தொலைபேசியில் மதுராவின் பெயர் தெரிந்தது. தவராசாவின் ஒரே மகள். எடுத்தேன். 

“மாமா, அப்பா விடிய அஞ்சு மணிக்கு எங்களை விட்டிட்டுப் போட்டார்” என்றாள்.

கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள். “கிற்றாரையும் தான் எழுதின கொப்பியையும் உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர். கிற்றாரின்ரை சுருதியை மாத்த வேண்டாமாம். பிறகு மாமா…” என்று நிறுத்தினாள். “அந்தப் பதினாறு பக்கமும் எழுதியாச்சோ எண்டு முந்தநாள் கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

நான் எழுதவில்லை. பதினாறு பக்கத்தில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அது மதுராவுக்கும் தெரியும். ஒரு மகள் தகப்பனிடம் கடைசியாகச் சொன்ன பொய் எனக்காகச் சொன்ன பொய். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மயிலிட்டித் துறையில் வள்ளம் வைத்திருக்கிறவர்களுக்கு அவர் ‘எஞ்சின் தவம்’. கடலில் நின்றுபோன எஞ்சினைத் தொலைபேசியில் சத்தம் கேட்டே என்ன பழுது என்று சொல்லக்கூடியவர். அவரிடம் ஒரு கிற்றார் இருந்தது என்பதே உங்களில் பலருக்குச் செத்தவீட்டன்றுதான் தெரியவந்தது. அவர் எஞ்சின் திருத்தும் கொட்டிலில் தொங்கிய அந்தச் சாமானை யாரோ திருத்தக் கொடுத்ததென்று நினைத்திருந்ததாக வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியார் என்னிடம் சொன்னார். குறை சொல்ல முடியாது. தவம் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. வாசிப்பதைவிட அது ஏன் அப்படிக் கேட்கிறது என்று அறிவதில்தான் அவருக்கு ஆசை.

நான் முப்பது வருடமாக இசைக்குழுக்களில் கிற்றார் வாசிக்கிறவன். ஒலிநாடா கேட்டுக் கேட்டுப் பழகியவன். கோயில் திருவிழா, கலியாணம், ஆண்டுவிழா என்று வலிகாமத்தில் நான் ஏறாத மேடை குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த நாளில் என் தலை எவ்வளவு கனமாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். என்னைவிட நாலு வயது இளைய, விரலெல்லாம் கிறீஸ் அப்பிய ஒரு மனிதர் அந்தக் கனத்தை இறக்கி வைத்த கதைதான் இது.

நாலு வருடத்துக்கு முன் வடகரையில் ஒரு கோயில் திருவிழா. பிற்பகலில் ஒலிபெருக்கி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஜெனரேற்றர் இருமி இருமி நின்றுவிட்டது. ஊர்க்காரர் போய்த் தவத்தை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்தவர் ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். மின்சாரம் வந்தது. நாங்கள் ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தோம். அவர் போகவில்லை. மேடைக்குக் கீழே நின்று என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கிட்ட வந்தார்.

“அண்ணை, ஒண்டு கேக்கலாமோ? சரணம் முடியிற இடத்திலை அஞ்சாம் கோட்டை ஏழு போட்டுப் பிடிச்சனீங்கள். அப்ப அடுத்தது கரைக்குத்தானே வரவேணும்? நீங்கள் வராமல் ஆறாவதுக்குப் போனனீங்கள். கரைக்குத் திரும்பின வள்ளம் பக்கத்துத் துறையிலை போய் ஏறினமாதிரி. நல்ல வடிவாயிருந்தது. ஏன் அப்பிடிப் போனனீங்கள்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பிடித்தது ஜீ செவன், பிறகு ஏ மைனர் என்ற இரண்டு கோட்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள். அது பாட்டில் இருக்கிறது, பிடிக்கிறேன். அதற்கு ஒரு ‘ஏன்’ இருக்கும் என்று முப்பது வருடத்தில் எனக்குத் தோன்றியதில்லை. பாட்டு முடிந்து ஓய்கிற கோட்டைத்தான் அவர் ‘கரை’ என்கிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் ஒப்புக்கொள்ள நான் என்ன மடையனா?

“அது ஒரு ஸ்டைல் காணும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று முகம் சொன்னது. “உங்கடை விரல் வேறை மாதிரிப் போகுது. நான் வேறை மாதிரிப் பிடிக்கிறனான். நேரம் கிடைச்சால் கொட்டிலுக்கு வாங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டுச் சாவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமை அந்தக் கேள்வி என்னை அரித்தது. ஆளை மட்டம் தட்டிவிட்டு வரலாம் என்ற எண்ணத்தோடுதான் மயிலிட்டிக்குப் போனேன். துறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில். வரிசையாகக் கழற்றிப் போட்ட எஞ்சின்கள். சுவரில் ஒட்டுப்பலகை ஒன்று. அதில் வள்ளத்துக்குப் பூசுகிற நீலப் பெயின்ற்றால் ஒரு பெரிய வட்டம். வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு எழுத்துகள். மணிக்கூடு என்று நினைத்தேன். பன்னிரண்டு சுரங்களும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று காட்டும் சக்கரம் அது. அவர் அதை எந்தப் புத்தகத்திலும் பார்த்து வரையவில்லை. அவருடைய புத்தகத்தில் அந்தப் படம் இல்லை. ஐந்து ஐந்து சுரமாகக் கூட்டிக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது என்று தானே கண்டுபிடித்து, வட்டமாக வரைந்தால்தான் சரிவரும் என்று வரைந்திருக்கிறார்.

புத்தகத்தின் கதையை அப்போதுதான் சொன்னார். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் அவர்கள் உடுவிலில் ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் கனடாவுக்குப் போகும்போது ஒரு பெட்டியைக் கொடுத்து, தேவையானதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்தபிறகுதான் அதைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே நைலோன் கம்பி பூட்டிய ஒரு கிற்றார், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம். முதல் பதினாறு பக்கங்களையும் கறையான் தின்றுவிட்டது. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்குமுன் ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்லை.

“ஒரு மெசினோடை அதின்ரை புத்தகமும் கிடந்தால் வாசிக்காமல் விடேலுமோ, அண்ணை?” என்று கேட்டார்.

அவருக்கு ஆங்கிலம் எஞ்சின் பெட்டிகளில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் தெரியும். மதுராவின் பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் கொப்பியில் எழுதி, கீழே தமிழில் எழுதி, அடுத்ததுக்குப் போயிருக்கிறார். ஒரு வசனத்துக்கு மூன்று நாள் எடுத்ததும் உண்டாம். இன்றைக்குத் தொலைபேசியில் தட்டினால் ஆயிரம் பேர் படிப்பிக்க நிற்கிறார்களே என்றேன். “உதிலை விரலைத்தான் காட்டுகினம். ஏன் எண்டு சொல்லுகினமில்லை” என்றார்.

பிறகு புத்தகத்தை விரித்துக் காட்டினார். நான் திகைத்துப்போனேன். பக்கத்துக்குப் பக்கம், அச்சடித்த ஒவ்வொரு கோட் படத்தின் மேலும் பென்சிலால் குறுக்கே கோடு. பக்கத்தில் அவர் கையால் வரைந்த வேறொரு படம். இரண்டாம் கம்பி ‘பி’ என்று அச்சிட்டிருந்த இடமெல்லாம் ‘சி’ என்று திருத்தம். புத்தகம் முழுக்க ஒரு வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்தினதுபோல் இருந்தது.

“எல்லாப் படமும் அச்சுப்பிழை, அண்ணை. பிடிச்சால் காதாலை கேக்கேலாது. முதல் வருசம் என்ரை காதுதான் எஞ்சின் சத்தத்திலை பழுதாப்போச்சு எண்டு நினைச்சனான். பிறகு ஒரு பாடத்திலை, ஒண்டு, மூண்டு, அஞ்சு எண்ட சுரங்கள் சேர்ந்தால் கோட் எண்டு கிடந்தது. அந்தக் கணக்கை வைச்சு ஒவ்வொரு கம்பியா எண்ணிப் பார்த்து நானே கீறினன். நான் கீறினது நல்லாக் கேக்குது.”

கிற்றாரை எடுத்து வாசித்துக் காட்டினார். உண்மைதான், நன்றாகவே கேட்டது. ஆனால் விரல்கள் நான் ஒருநாளும் பார்க்காத இடங்களில் நின்றன. நான் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக்கூடிய ஜீ கோட்டைப் பிடித்து அடித்தேன். தகரத்தில் கல் விழுந்ததுபோல் ஒரு சத்தம். கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். எனக்கு விசயம் வெளித்துவிட்டது.

கிற்றாரில் ஒரு கம்பியை வைத்துத்தான் அடுத்த கம்பியைச் சுருதி சேர்ப்பார்கள். தடித்த கம்பியின் ஐந்தாம் படியை அழுத்தினால் வரும் ஒலிக்கு அடுத்த கம்பியை முறுக்க வேண்டும். கழுத்திலே குறுக்காக ஓடும் உலோகக் கோடுகளின் இடைவெளியைத்தான் படி என்று சொல்கிறேன். இப்படியே ஐந்து, ஐந்து, ஐந்து என்று போய், மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்கு வரும்போது மட்டும் நாலாம் படி. பிறகு மறுபடி ஐந்து. கறையான் தின்ற பக்கங்களில் மிஞ்சிய ஒரு துண்டில் அந்தப் படத்தின் பாதிதான் இருந்தது. அந்தப் பாதியில் தெரிந்தவை மூன்று ஐந்துகள்தான். மூன்று இடத்தில் ஐந்தென்றால் மிச்ச இடத்திலும் ஐந்துதானே என்று தவம் முறுக்கிவிட்டார். அதனால் கடைசி இரண்டு மெல்லிய கம்பிகளும் அரைச் சுரம் கூடிப்போய் நின்றன. முதல் கம்பி இழுவை தாங்காமல் அடிக்கடி அறுந்திருக்கிறது. அதற்கும் அவர் பரிகாரம் கண்டிருந்தார். வலை பின்னுகிற தங்கூசி என்ற நைலோன் இழையில் அளவான ஒன்றைத் தெரிந்து பூட்டியிருந்தார்.

நான் சிரித்தேன். எஞ்சினுக்காகக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தேன். “என்ன காணும், சுருதி சேர்க்கத் தெரியாமலோ இவ்வளவு காலமும் புத்தகத்தைத் திருத்தினீர்?” என்று கேட்டேன். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

“எது பிழை, அண்ணை?” என்று தவம் கேட்டார்.

நான் இரண்டு கம்பிகளையும் இளக்கி, சரியான சுருதிக்குக் கொண்டுவந்து, ஜீ கோட்டை அடித்துக் காட்டினேன். அவர் கிற்றாரை வாங்கித் தன்னுடைய கோட் ஒன்றைப் பிடித்தார். உடைந்து கேட்டது. இன்னொன்றைப் பிடித்தார். அதுவும் உடைந்தது. மூன்றாவதைப் பிடித்தவர் அடிக்கவில்லை. உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் வைத்துச் சத்தத்தை நிறுத்தினார். ஆறு வருடம். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பிறகு கிற்றாரை ஆணியில் மாட்டிவிட்டு, எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஒரு கிழமை தாங்கோ, அண்ணை” என்று சொல்லி எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

வீடு வந்து சேரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். முப்பது வருடமாக நீ பழகியது அடியிலிருந்தே பிழை என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கிற்றாரைக் கிணற்றில் போட்டிருப்பேன். அவர் போட்டிருப்பார் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முதுகில் படங்குத் துணியில் சுற்றிய கிற்றாரோடு தவம் வந்து நின்றார். கதிரையில்கூட இருக்கவில்லை.

“கணக்குப் பிழைக்கேல்லை, அண்ணை” என்றார்.

கொப்பியை விரித்தார். அந்தக் கிழமை முழுக்கத் தன்னுடைய ஒவ்வொரு படத்தையும் எடுத்துச் சோதித்திருக்கிறார். கடைசி இரண்டு கம்பிகளிலும் விரலை ஒரு படி முன்னுக்கு நகர்த்தினால் அத்தனையும் சரியாகிவிடுகிறது. சுரங்களின் உறவு, கோட்டுகளின் உறவு, சக்கரம், எதிலும் ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. ஆறு வருடத்தில் அவர் கட்டிய கட்டடம் அப்படியே நின்றது. “புத்தகத்துக்குத்தான் நான் அநியாயம் செய்துபோட்டன். அது பாவம், சரியாத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கு. நேற்று முழுக்க அழிறப்பராலை அழிச்சனான்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி மனத்தாங்கல் இல்லை.

பிறகு என் கண்முன்னாலேயே அந்த இரண்டு கம்பிகளையும் முறுக்கித் தன்னுடைய பழைய சுருதிக்கே கொண்டுபோனார்.

“உதேன்?” என்றேன்.

“பாருங்கோ” என்றார். தடித்த கம்பியில் தொடங்கி மூன்று விரலால் ஓர் உருவம் பிடித்தார். அதே உருவத்தை அடுத்த கம்பிக்கு நகர்த்தினார். பிறகு அடுத்ததற்கு. எங்கே வைத்தாலும் உருவம் மாறவில்லை, உறவும் மாறவில்லை. என்னுடைய கிற்றாரில் அது நடக்காது. மூன்றாம் கம்பியைக் கடந்ததும் உருவம் மாறும், அதற்கு வேறு பாடம் பண்ண வேண்டும். “உங்கடை கிற்றாரிலை அந்த இடத்திலை ஒரு படிக்கட்டு கட்டையாக் கிடக்கு. நீங்கள் எல்லாரும் பாராமலே பாய்ஞ்சு பழகீட்டீங்கள். எனக்குப் பாயத் தெரியேல்லை. அதாலைதான் அளந்து பார்த்தனான்” என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகைப்படுத்தவில்லை. ஆசிரியர் இல்லாமல், மொழி தெரியாமல், தொடக்கம் இல்லாத ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, பிழையான சுருதியில், ஒரு மனிதர் தனியாக இருந்து சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். படங்கள் சரியாகக் கேட்டிருந்தால் அவரும் என்னைப்போல் படத்தைப் பார்த்து விரலை வைத்துவிட்டுப் போயிருப்பார். கேட்காதபடியால் ஒவ்வொரு கோட்டையும் உள்ளே திறந்து பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“தவம், எனக்கு உதொண்டும் தெரியாது. அண்டைக்கு நீர் கேட்ட கேள்விக்கும் விடை தெரியாது. ஸ்டைல் எண்டது சும்மா சொன்னது.”

“அது எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை” என்றார். “பிடிக்கத் தெரியும், ஏன் எண்டு தெரியாது எண்டால், ஸ்டார்ட் பண்ண மட்டும் தெரிஞ்சவன் கடலுக்குப் போறமாதிரி. எஞ்சின் ஓடுமட்டும் நல்லாத்தான் இருக்கும்.”

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையவையாகின. ஒருகிழமை அவர் உடுவிலுக்கு வருவார், மறுகிழமை நான் மயிலிட்டிக்குப் போவேன். எந்தப் பாட்டை வாசித்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். ஏன்? சில நாள் எனக்கு எரிச்சல் வரும். “பாட்டுப் போட்டவனைப் போய்க் கேளும்” என்று கத்தியிருக்கிறேன். அவர் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மறுபடி அதே கேள்வியைக் கேட்பார்.

அதன் பலனை ஒரு கலியாண வீட்டில் கண்டேன். பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லாப் பாட்டையும் இரண்டு சுரம் இறக்கி வாசிக்க முடியுமா என்று கடைசி நிமிடத்தில் கேட்டார். முந்தியென்றால் நான் வியர்த்துப்போய் ஒருகிழமை ஒத்திகை கேட்டிருப்பேன். அன்று மனதில் அந்த நீலச் சக்கரத்தை இரண்டு பல் திருப்பினேன். ஒரு பாட்டிலும் தடக்கவில்லை. சாப்பாட்டுப் பந்திக்குக்கூடப் போகாமல் மண்டபத்து வாசலில் நின்று தவத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப கரைக்கு வந்து சேர்ந்தியளோ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோசம் என்னுடையதைவிடப் பெரிது.

இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். அகராதியோடு மல்லுக்கட்டாமல், எங்கடை ஆட்கள் தாங்களாகவே வாசித்துப் பழகக்கூடிய ஒரு புத்தகம். எல்லோரிடமும் இருக்கும் கிற்றாருக்கு ஏற்றமாதிரி, வழக்கமான சுருதியில். அவர் தன் சுருதியில் எழுதி, ஒவ்வொரு படத்தையும் மாற்றிக் கீறுவார். நான் என் கிற்றாரில் பிடித்துப் பார்த்துச் சரி போட வேண்டும். இரண்டு வருடம் அந்த வேலை நடந்தது. ஒரு படம் பிழைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கொப்பியைப் பதினேழாம் பக்கத்தில்தான் தொடங்கியிருந்தார். அதற்கு முந்திய தாள்களுக்கு ஒன்றிலிருந்து பதினாறுவரை இலக்கம் மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று இந்தமுறை நான் கேட்டேன்.

“அது கறையான் திண்ட பாடம். கம்பிக்குச் சுருதி சேர்க்கிறது. அதை நீங்கள்தான் எழுதவேணும். எனக்கு அதைச் சொல்லித் தந்தது நீங்கள்தானே” என்றார்.

நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நாலு பேருக்கு முன்னால் சிரித்தேன். அதை அவர் அப்படித்தான் கணக்கில் வைத்திருந்தார். நான் ஓம் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு மேடை இருந்தது என்றேன். அதற்கடுத்த ஞாயிறு பேனை பிடித்தால் கை வழங்குதில்லை என்றேன். உண்மை என்னவென்றால் அவருடைய பக்கங்களுக்கு முன்னால் என்னுடைய எழுத்து வருவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே ஒரு வருடத்தைப் போக்கிவிட்டேன்.

அந்த வருடத்தில்தான் அவருக்கு நோய் வந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கிற்றாரைக் கொண்டுபோக முடியாது. மருந்துப் பெட்டியின் மட்டையைக் கிழித்து, ஆறு கோடு கீறி, அதை நெஞ்சின்மேல் வைத்து விரலால் பிடித்துப் பார்த்துக் கடைசிப் பாடத்தை எழுதினார். சத்தம் இல்லாமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “முதல் ஆறு வருசமும் நான் சத்தத்தை நம்பியோ செய்தனான்?” என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் இது ஏதோ மந்திரச் சக்கரம் என்று நினைத்து, தனக்கும் ஒன்று கீறித் தரச் சொன்னாராம். தவம் மறுக்காமல் கீறிக் கொடுத்திருக்கிறார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்த அன்று கதைக்கவே களைத்துப்போயிருந்தார். கொப்பி தலையணைக்குக் கீழே இருந்தது.

“அண்ணை, எஞ்சினை முழுக்கப் பூட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணிற கயிறு மட்டும் உங்களிட்டைக் கிடக்கு” என்றார்.

“இந்தக் கிழமை எழுதுறன், தவம்” என்றேன்.

அந்தக் கிழமையும் நான் எழுதவில்லை.

செத்தவீட்டில் பறை ஒரு பக்கம் முழங்கிக்கொண்டிருந்தது. மதுரா உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, படங்குத் துணியில் சுற்றிய கிற்றாரையும், கொப்பியையும், அந்தப் பழைய புத்தகத்தையும் என் கையில் தந்தாள். அழுது அழுது குரல் அடைத்திருந்தது. “மாமா, நான் அவருக்குப் பொய் சொல்லிப்போட்டன்” என்று மட்டும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

வீட்டில் அந்தக் கிற்றாரை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருடத்துக் கை அதில் ஒன்றுக்கும் உதவவில்லை. என்னுடைய எந்தக் கோட்டும் அதில் கோட் இல்லை. முதல் நாள் நான் கேட்டுச் சிரித்த அதே சத்தம்தான் வந்தது. இந்தமுறை சிரிக்கவில்லை. அவருடைய கொப்பியைத் திறந்து, பதினேழாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பழகத் தொடங்கியிருக்கிறேன். தங்கூசி இன்னும் அறவில்லை. சுருதியை மாற்ற மாட்டேன், தவம்.

நாளை முப்பத்தோராம் நாள். அந்தக் கிற்றாரும், அழிறப்பர் தடம் பதிந்த புத்தகமும், ‘ஏன்’ என்ற அந்த ஒரு கேள்வியும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. இந்த ஒரு மாதமும் நான் மேடை ஏறவில்லை. எழுதினேன். என் கையெழுத்து கோணல். இரண்டு தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டினேன். நாளை மயிலிட்டிக்குப் போய் மதுராவின் கையில் கொப்பியைக் கொடுத்து, நீ சொன்னது பொய்யில்லை, பிள்ளை என்று சொல்லப்போகிறேன். முதல் பாடத்தை இப்படி முடித்திருக்கிறேன்:

‘மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்கு வரும்போது மட்டும் ஐந்தாம் படி அல்ல, நாலாம் படி. மயிலிட்டியில் ஒருவர் இதை அறியாமல் ஆறு வருடம் ஐந்தாம் படியில் முறுக்கினார். நீங்கள் அந்தப் பிழையை விடத் தேவையில்லை. அவர் அதை விட்டபடியால்தான் உங்களிடம் இந்தப் புத்தகம் இருக்கிறது. இப்போது கம்பிகளைத் தட்டிப் பாருங்கள். சரியென்றால் தாளைத் திருப்புங்கள்.’

அது பதினாறாம் பக்கத்தின் கடைசி வரி. தாளைத் திருப்பினால் அவருடைய கையெழுத்து தொடங்குகிறது.